தண்ணீர் குறையும் கார்

எங்கள் கார் தண்ணீர் குடித்தது. மூன்று கிழமைக்கு ஒருமுறை பொனற்றைத் திறந்து, எஞ்சினைக் குளிர வைக்கும் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்கு ஊற்ற வேண்டும். ஊற்றினால் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடும். நிலத்தில் ஒழுகிய தடம் இல்லை, புகை இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரிவதில்லை. வழக்கமாகப் போகும் கராச்சில் காட்டியபோது அங்கிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணை, ஹெட் காஸ்கெட் போகத் தொடங்குது போல கிடக்கு. இரண்டு வருசமும் ஓடும், இரண்டு மாசத்தில நிண்டாலும் நிக்கும். கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். கழட்டினா காரின்ர பெறுமதியைவிடக் கூட வரும்." நான் கழற்றவில்லை. ஒன்றரை வருடம் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

பிள்ளைகள் இருவரும் வீட்டைவிட்டுப் போனபின், ஏழு பேர் இருக்கக்கூடிய காரில் நானும் மனைவியும் மட்டும் கடைக்குப் போய் வந்தோம். பின் இருக்கைகளில் பழைய கிறிஸ்ப்ஸ் துகள்கள் இன்னும் கிடந்தன. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

இங்கே பிரித்தானியாவில் கார் விற்பதற்கு இப்போது மனிதர் தேவையில்லை. இலக்கத் தகட்டில் உள்ள ஏழு எழுத்துகளையும் எண்களையும் இணையத்தில் தட்டினால் காரின் வகை, நிறம், ஆண்டு எல்லாம் தானாக வந்து நிற்கும். எத்தனை மைல் ஓடியது, எத்தனை பேர் கைமாறியது, சேர்விஸ் புத்தகம் இருக்கிறதா, எத்தனை திறப்பு இருக்கிறது என்று கேட்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னேன். முப்பது செக்கனில் 1,840 பவுண் என்று விலை வந்தது. தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"கேட்டவங்களே? கேக்கேல்லைத்தானே," என்றாள் மனைவி. "அவங்கள் என்ன பாவப்பட்ட சனமே, நீங்கள் இரங்குறதுக்கு?"

அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிப்பது எளிதல்ல. எங்களைவிடக் காரைப் பற்றி அதிகம் தெரிந்த ஒரு பெரிய நிறுவனம், தன் விலையைத் தானே கணித்துச் சொல்கிறது. தனக்குத் தேவையானதைத் தானே கேட்கிறது. கேட்காததைச் சொல்லாமல் விடுவது எப்படிப் பொய்யாகும்?

இந்தக் கேள்வி பழையது. கி.மு. 44ஆம் ஆண்டில், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் சிசரோ இதைத்தான் கேட்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு நல்ல வணிகன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதைக் கடலில் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? இன்னொரு கதையில் ஒருவன் வீடு விற்கிறான். அறைகளில் பாம்பு வருவதும், மரம் உளுத்துப் போயிருப்பதும் வீட்டுக்காரனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ் (பீப்பாய்க்குள் வாழ்ந்தவர் அல்ல, இவர் வேறு ஆள்) சொல்ல வேண்டியதில்லை என்கிறார். மௌனம் வேறு, மறைப்பு வேறு. சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும். 'நோய் தரும் வீடு விற்பனைக்கு' என்று எந்த மடையனாவது ஏலம் கூறுவானா? அவருடைய மாணவர் அந்திபாதர் குருவோடு முரண்படுகிறார். மனிதர் எல்லோரும் ஒரே குடும்பம் என்று வகுப்பில் படித்துவிட்டுச் சந்தையில் அதை மறப்பது எப்படி என்பது அவர் கட்சி. சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார். பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பு அல்ல என்பதை அவர் ஒத்துக்கொள்கிறார். ஆனால், யாருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமோ அவருக்கு அது தெரியாமல் இருப்பதால் உனக்கு இலாபம் என்றால், அங்கே மௌனம் மறைப்பாகிவிடுகிறது.

ஆங்கிலச் சட்டம் குருவின் பக்கம். 1871இல் ஸ்மித், ஹியூஸ் என்ற இருவருக்கிடையிலான வழக்கு சட்டம் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் மகளும் அதைப் படித்துவிட்டு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறாள். பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஒருவர் பழைய ஓட்ஸ் தானியம் என்று நினைத்து வாங்கினார். வந்தது புதியது. விற்பவர் மாதிரியைக் காட்டியே விற்றிருந்தார். வாங்குபவர் தானாக ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டு விற்பவர் வாய்மூடி இருந்தால், அதனால் மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்பது நீதிபதிகளின் நிலைப்பாடு. மிகுந்த மனச்சாட்சி உள்ள ஒருவர் என்ன செய்திருப்பார் என்பது எங்கள் முன் உள்ள கேள்வி அல்ல என்று தலைமை நீதிபதி கொக்பேர்ன் வெளிப்படையாகவே பிரித்துவைத்தார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். சட்டம் இந்த இடத்தோடு நின்றுகொள்கிறது, மிச்சம் உன் பாடு என்று சொல்லிவிட்டுப் போகிறது.

சனிக்கிழமை காலை பல்பொருள் அங்காடி ஒன்றின் கார்த் தரிப்பிட மூலைக்குப் போனேன். சிறிய பெட்டிக்கடை போன்ற ஒரு கூடு, அதற்குள் ஒரு மின்கணப்பு, ஓர் இளைஞன். அவனுக்கு இருபத்துநான்கு வயது இருக்கலாம். கையில் டேப்லெட்டோடு காரைச் சுற்றி வந்து கீறல் கீறலாகப் படம் எடுத்தான். என் மகன் சைக்கிளால் இடித்த பள்ளம், நான் தூணில் உரசிய கோடு, தேய்ந்த முன் டயர். ஒவ்வொன்றும் ஒரு தொகை. எங்கள் பதினொரு வருட வாழ்க்கை 190 பவுணாகக் கழிந்தது. எஞ்சினை இயக்கிக் கேட்டான். காரை ஓட்டிப் பார்க்கவில்லை.

பிறகு, அடுத்த திரைக்குப் போகப் பெருவிரலைத் தூக்கியபடியே, "வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டான்.

அது கேள்வி அல்ல. 'சுகமா?' என்று கேட்பதைப் போன்ற ஒன்று. இருந்தாலும் காதில் விழுந்துவிட்டது. நான் தண்ணீரைச் சொன்னேன். கராச்காரர் சொன்னதையும் சொன்னேன். அவன் என்னை ஒரு விநாடி விசித்திரமாகப் பார்த்தான். ஏதோ தட்டினான். இன்னும் 400 பவுண் குறைந்தது. "நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது," என்றான், குரலில் உண்மையான இரக்கத்தோடு. காசு போட்டுக்கொடுக்கும் கட்டணமும் கழிந்தபின், திறப்புகளையும் பதிவுப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். நெஞ்சு இலேசாக இருந்தது. இரண்டு தரிப்புகள் தாண்டும்வரைதான்.

நான் சொன்ன உண்மை இப்போது எங்கே இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன். அந்த இளைஞனின் திரையில் அது ஒரு கழிவுத் தொகையாக மாறிவிட்டது. கார் வியாபாரிகளுக்கான ஏலத்துக்குப் போகும். அங்கே ஒரு சிறு வியாபாரி அதை எடுப்பார், கழுவுவார், மினுக்குவார், ஒரு முன்றலில் விலைச் சீட்டு ஒட்டி நிறுத்துவார். கடைசியில் யாரோ ஒருவர் வாங்குவார். 'தண்ணீர் குறையும்' என்ற இரண்டு சொற்கள் இத்தனை கைகளைத் தாண்டி அவரிடம் போய்ச் சேருமா? வருடாந்த எம்.ஓ.டி. பரிசோதனை பிரேக்கையும் விளக்கையும் டயரையும் பார்க்கும். எஞ்சினின் நிலையை அது பார்ப்பதில்லை. வியாபாரியிடம் வாங்கியவருக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழுது இருந்தால் முப்பது நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் தண்ணீர்த் தாங்கி நிரம்பியிருந்தால் முதல் மாதத்தில் அவருக்கு எதுவும் தெரியாமலே போகலாம். அந்திபாதரின் வணிகன் ரோட்ஸ் மக்களைப் பார்த்துப் பேசினான். நான் ஒரு டேப்லெட்டிடம் பேசினேன். என் உண்மையால் 400 பவுண் இலாபம் அடைந்தது நிறுவனம். கேட்க வேண்டிய காது அங்கே இருக்கவில்லை.

பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை 1970இல் வெளிவந்தது. மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விற்பவனுக்குப் பழுது தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எனவே வாங்குபவன் எல்லாக் காரும் பழுதாக இருக்கலாம் என்று எண்ணியே விலை சொல்வான். அந்த விலைக்கு நல்ல கார்க்காரன் விற்க மாட்டான். சந்தையில் பழுதுகள் மிஞ்சும். இதுதான் சாரம். அப்படியானால் எனக்கு வந்த முதல் விலையிலேயே, நான் பொய்யனாக இருக்கக்கூடும் என்பதற்கான கழிவு அடங்கியிருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னதற்கு இன்னொரு தடவை கழித்தார்கள். மனைவிக்கு இதை விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் கார் அல்ல, அரிசி. அக்கர்லொஃப் அதற்குச் சில வருடங்கள் முன்னர் டில்லியில் ஒரு வருடம் இருந்தவர். அரிசியின் நிறத்திலும் வடிவிலும் உள்ள கற்களைக் கடைக்காரர் வேண்டுமென்றே கலப்பதையும், இந்திய வீட்டுப் பெண்கள் அவற்றைப் பொறுக்குவதையும் அவர் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் என் அம்மா கூப்பன் அரிசியைச் சுளகில் போட்டு, திண்ணை வெளிச்சத்தில் சாய்ந்து கல் பொறுக்கிய மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. யார் எங்கே கலந்தார்கள் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. சங்கக் கடைக்காரரோடு கோபிக்கவும் இல்லை. அவரும் தன் வீட்டில் அதே அரிசியில் கல் பொறுக்கியிருப்பார். கலந்தவன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தான். அவனுக்கும் அம்மாவின் விரல்கள் தெரியாது.

இவ்வளவும் எழுதியபின், இதுவரை எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

காரை இணையத்தில் போடுவதற்கு இரண்டு கிழமை முன்பு, கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது, தெரிந்த ஒரு தம்பி வந்தார். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஊரிலிருந்து மனைவியும் பிள்ளைகளும் வந்து சேரப்போகிறார்கள். "அண்ணை, உங்கட பெரிய காரை விக்கிற எண்ணம் இருந்தா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ," என்றார். "பாப்பம் தம்பி," என்றேன். பிறகு அவருக்குச் சொல்லவே இல்லை.

அவருக்கு விற்றிருந்தால் தண்ணீரைச் சொல்லியே ஆக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விலையையும் குறைத்திருப்பேன். பயந்தது அதற்கல்ல. சொன்ன பின்னும் அவர் வாங்கியிருந்தால், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரகாரத்தில் அவரைக் காண வேண்டும். கார் நின்றால் என்னிடம் வருவார். வராவிட்டாலும் வருவார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். கலியாண வீடுகளில் பேச்சு வரும். அந்த நிறுவனத்திடம் போனதற்கு வசதி என்று எல்லோருக்கும் காரணம் சொன்னேன். அந்த வசதி என்னவென்று இப்போதுதான் பிரித்துப் பார்க்கிறேன். முன்பின் தெரியாத ஒருவனிடம் காரைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் மனிதர் எவரையும் நான் பார்க்கத் தேவையில்லை. அந்தப் பாராமைக்குத்தான் சில நூறு பவுணைக் குறைவாக வாங்கிக்கொள்ள நான் தயாராக இருந்தேன். கூட்டுக்குள் இருந்த இளைஞனிடம் நான் உண்மை பேசியது, அதற்கு அங்கே எந்தப் பின்விளைவும் இல்லாதபடியாலும்தான். பாவமன்னிப்புக் கூட்டில் பேசுவது போல.

வணிகத்தைப் பற்றிய அந்தக் குறளை வள்ளுவர் பொருட்பாலில் வைக்காமல் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில் வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவது என்றுதான் பள்ளியில் படித்தோம். என் கார் என்று இருந்தபோது மூன்று கிழமைக்கு ஒருமுறை பொனற்றைத் திறந்தவன், கைமாறியதும் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

எம்.ஓ.டி. வரலாற்றை இலக்கத் தகட்டை வைத்து யாரும் இணையத்தில் பார்க்கலாம். வசந்தத்தில் பார்த்தேன். தேறியிருக்கிறது. 6,000 மைலுக்கு மேல் ஓடியிருக்கிறது. பின் பிரேக் கொஞ்சம் தேய்ந்திருப்பதாக ஒரு குறிப்பு. யார் ஓட்டுகிறார், எந்த ஊரில் என்று அதில் இல்லை. ஒவ்வொரு மாதமும் பார்ப்பதில்லை என்று சொல்ல முடியவில்லை.

சித்திரை வருடப்பிறப்பன்று அந்தத் தம்பியைக் கோயில் வாசலில் கண்டேன். மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒரு முன்றலில் வாங்கிய ஏழிருக்கைக் கார் அருகில் நின்றது, என்னுடையதைவிடப் பழையது. 3,200 பவுண் கொடுத்தாராம்.

"காரை வித்துப்போட்டியளாம் அண்ணை. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"அதில ஒரு பழுது இருந்தது தம்பி."

"என்ன பழுது?"

சொன்னேன். எத்தனை கிழமைக்கு ஒருமுறை, எவ்வளவு ஊற்றுவேன், என்ன நிறத் திரவம், கராச்காரர் என்ன சொன்னார், எல்லாம். அவர் தலையைச் சரித்துக் கவனமாகக் கேட்டார். இளைய பிள்ளை அவருடைய காற்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானோ அண்ணை?" என்றார். "என்ர மச்சான் லூட்டனில கராச் வச்சிருக்கிறான்."