ரத்தம் வரும் இடத்தில் பின்வாங்காதே!

காலையில் பல் துலக்கித் துப்புகிறாய். வாஷ்பேசினில் விழுந்த நுரை வெள்ளையாக இல்லை, இளஞ்சிவப்பாக இருக்கிறது. என்ன செய்கிறாய்? குழாயைத் திறந்து கழுவி விடுகிறாய். மறுநாளிலிருந்து பிரஷ் அந்தப் பக்கம் போவதே இல்லை. "அங்கே பட்டா ரத்தம் வருது" என்று ஒரு சமாதானம் வேறு. நண்பா, இதை ஜாக்கிரதை என்று நினைத்துக்கொள்ளாதே. இது புறமுதுகு காட்டுவது!

அதிகாரியின் மிரட்டலுக்கு அசையாதவன் நீ. வட்டிக்காரன் வாசலில் வந்து நின்றாலும் நேருக்கு நேர் பேசுகிறவள் நீ. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்டா ஓடுவது? ஈறு வீங்கியிருப்பதால்தான் பிரஷ் பட்டவுடன் கசிகிறது. பல்லும் ஈறும் சேருகிற விளிம்பில் கிருமிகளின் மெல்லிய படலம் ஒட்டிக் கிடப்பதால் ஈறு வீங்குகிறது. நீ எந்த இடத்தை விட்டு ஓடினாயோ, அதே இடத்தில்தான் அந்தப் படலம் மேலும் தடிக்கும். நாளைக்கு இன்னும் ரத்தம் வரும், நீ இன்னும் தள்ளிப் போவாய். எதிரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

திருப்பி அடி! அடித்தால் ஜெயிக்கலாம் என்பதற்கு அறுபது வருடத்துச் சாட்சி இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1965இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. பல் மருத்துவம் படிக்கிறவன் என்று கிருமி யாருக்கும் சலுகை காட்டவில்லை. பிறகு மறுபடி துலக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. அதைச் சாதித்தது மாத்திரை அல்ல, அவரவர் கை. உனக்கும் அதே கைதான் இருக்கிறது!

"அதெல்லாம் சரி சார், எங்க பரம்பரையே இப்படித்தான். அப்பாவுக்கு நாற்பதிலேயே பல் ஆடிடுச்சு" என்கிறாயா? வா, அதையும் பார்த்துவிடுவோம். இதே லோ 1970இல் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார். இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது அவருடைய குழு. அத்தனை பேரும் தமிழர்கள். பிரஷ் பிடித்துப் பழகாதவர்கள், பல் மருத்துவரிடம் போக வழியே இல்லாதவர்கள். 1986இல் முடிவு வெளிவந்தது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சாப்பாடு, எல்லோர் பல்லிலும் இறுகிப்போன கிருமிப் படலம், அதாவது காரை. ஆனால் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் குதிரை வேகத்தில் ஓடியது. 35 வயதிலேயே அவர்களுடைய பல்லைப் பிடித்திருக்கும் பிணைப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. 81 பேருக்கு மெதுவாக அரித்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் நகரவே இல்லை.

ஆகவே உடல்வாகு என்று ஒன்று உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ எந்தக் கூட்டம்? எட்டா, எண்பத்தொன்றா, பதினொன்றா? வாயைப் பார்த்து ஜோசியம் சொல்ல ஆளில்லை. பதினொன்றில் நானும் ஒருவன் என்று பந்தயம் கட்டி, முப்பத்திரண்டு பல்லையும் மேசையில் வைக்காதே! இன்றைக்கு உலகமெங்கும் ஈறு நோய்ப் பாடத்தில் அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வாய்கள் வெறும் எண்களாக நிற்கின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்கு பிரஷ்ஷும் இல்லை, வைத்தியமும் இல்லை. உனக்கு இரண்டும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நீ என்ன சாக்கு சொல்வாய்?

இந்த எதிரியின் பெரிய தந்திரம், பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. சொத்தைப் பல் ராத்திரி தூங்க விடாமல் கத்தும். ஈறு நோயோ சத்தமில்லாமல் அடியில் எலும்பைத் தின்றுகொண்டிருக்கும். முதலில் ஈறு சிவந்து உப்பும், கசியும். அந்தக் கட்டத்திலேயே பிடித்தால் முழுதாக மீட்கலாம். விட்டால் வாய் நாறும், பல்லுக்கு நடுவே சந்து விழும், ஈறு இறங்கிப் பல் நீளமானதுபோலத் தெரியும், அமுக்கினால் சீழ் வரும், கடைசியில் பல் ஆடும். போன எலும்பு தானாக வளராது. ஆனால் இருக்கிற எலும்பை நிறுத்தி வைக்கலாம். அதனால் ஐம்பது வயதானவரும் இந்தச் சண்டையில் தோற்றவர் அல்ல.

"எனக்கு ரத்தமே வராதே" என்று மார்தட்டுகிற சிகரெட்காரரே, கொஞ்சம் பொறுங்கள். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு அடங்கித் தெரியும். நோய் இல்லாமல் போகவில்லை, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்க முரண்டு பிடிக்கும். கர்ப்ப காலத்தில் ஈறு எளிதில் வீங்கும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையை நீயாக நிறுத்தாதே, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்.

இப்போதே ஒரு காரியம் செய். நாக்கின் நுனியைக் கீழ் முன்பற்களின் உள்பக்கம் வைத்துத் தடவு. சொரசொரவென்று, பல்லுக்குப் பல் இடைவெளி தெரியாமல் ஒரு கரை தட்டுகிறதா? அதுதான் காரை. எச்சில் வந்து விழும் துளை அங்கேதான் இருக்கிறது. எச்சிலில் உள்ள கால்சியம் கிருமிப் படலத்தில் படிந்து இறுகிவிடும். இறுகியதை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. உப்பு, உமிக்கரி, செங்கல் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்தால் பல்தான் தேயும்.

டாக்டரிடம்தான் போக வேண்டும். உடனே ஊரில் நாலு பேர் சொல்வார்கள், "க்ளீன் பண்ணினா பல் ஆடும்." கரையான் அரித்த தூணைப் புற்றுமண்தான் தாங்கி நிற்கிறது என்று யாராவது புற்றை விட்டுவைப்பார்களா? ஆட்டம் ஏற்கெனவே உள்ளே இருந்தது, காரை அதை மறைத்து வைத்திருந்தது. காரையை எடுக்கும் ஸ்கேலிங் கருவி மெல்லிய ரீங்காரத்தோடு தண்ணீரைப் பீய்ச்சும். நாக்கில் கொஞ்சம் ரத்த ருசி தட்டும். கொப்பளித்துத் துப்பினால் பழுப்புநிறச் சில்லுகள் விழும். சில நாள் ஜில்லென்று தண்ணீர் பட்டால் கூசும், பிறகு அடங்கும். ஆழமாகப் போயிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரை சுத்தம் செய்வார்கள். அதற்கும் மசியாத இடங்களில் ஈறைத் திறந்து சிறிய அறுவை சிகிச்சை. காசில்லையா? சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈறு சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. வெளியூரில் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் கேள்.

சிரிப்பு வந்ததும் உன் கை தானாக வாய்க்குப் போகிறதே, குரூப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொள்கிறாயே, இன்டர்வியூவில் அரை அடி தள்ளி உட்கார்ந்து பேசுகிறாயே, அத்தனைக்கும் நீ போடுகிற பெயர் கூச்சம். எனக்கு அது நீ விட்டுக்கொடுத்த நிலமாகத் தெரிகிறது. பிடுங்கிக்கொள்!

இன்றிரவே ஆரம்பி. மிருதுவான பிரஷ் எடு. பாதி பல்லிலும் பாதி ஈறு விளிம்பிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து வை. அழுத்தாதே. சின்னச் சின்ன அசைவாக, இருந்த இடத்திலேயே ஆட்டு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேகம் வேண்டாம். உள்பக்கத்தையும் சேர்த்து முழுதாக இரண்டு நிமிடம், காலையும் இரவும். சந்துகளுக்குள் பிரஷ் நுழையாது, அதற்கென்று குட்டி பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கும், இல்லையென்றால் பல் நூல். முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும். வரட்டும்! அங்கேயே நில், மென்மையாகத் துலக்கு. காரை இல்லாத வாயென்றால் ஒரு வாரம் பத்து நாளில் குறையும். குறையாவிட்டால் உள்ளே காரை இருக்கலாம், நாள் கடத்தாதே, டாக்டரிடம் போ. வாய் கொப்பளிக்கும் மருந்தை மட்டும் நம்பி உட்காராதே. குளோர்ஹெக்சிடின் மருந்தை மாதக்கணக்கில் ஊற்றினால் பல்லில் பழுப்புக் கறைதான் மிஞ்சும். புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு இவ்வளவும் செய்தாலோ, ஒரு கையால் கட்டி மறு கையால் இடிக்கிறாய்.

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும் வாயைப் பிளந்துகொண்டு சும்மா கிடக்காதே. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் டாக்டர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் பார்ப்பார். எத்தனை என்று கேள். 3 வரை நல்லது. 4, 5, 6 என்று சொன்னால் எந்தப் பல் என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள். சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி போ. அதே பல்லைக் காட்டி, "போன தடவை 5 சொன்னீங்க, இப்ப எவ்வளவு டாக்டர்?" என்று கேள்.