கலைஞர் பட்ட கடன்

மேடையிலே பெயர் பெற்றவர் தம் ஊர் இளைஞர்க்குக் கடன்பட்டவரா? புகழ் அவருடைய உழைப்பின் கூலிதானே என்பர் சிலர். உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பார்ப்பதற்கு ஊர் கூடாவிடில் நடிப்பு ஏது?

நடிப்பிலே தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அவர் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை 1985இல், போரின் நடுவே, பல்கலைக்கழக மாணவர் நடித்தனர். உயிருக்கஞ்சிக் கடல் கடந்தவரை நாம் பழியோம். பழிக்க நமக்கு உரிமையுமில்லை. அவர்கள் அனுப்பும் பணம் மண்டபம் எழுப்பும். ஒத்திகையில் உடனிருந்து, தடுமாறும் இளைஞனின் குரலைத் திருத்தும் ஆசானைப் பணம் அனுப்புமோ? சண்முகலிங்கம் 2025இல் மறைந்தார். அவரிடம் பயின்றோர் பாடசாலைகளிலே நாடகமும் அரங்கியலும் கற்பிக்கின்றனர்.