ஊர் பெயர்த்து எழுந்த மாளிகை

இங்கிலாந்தின் டார்பிசயரில் கெடில்ஸ்டன் என்னும் மாளிகை உள்ளது. கர்சன் குடும்பத்தார் 1759-இல் எழுப்பத் தொடங்கிய அதற்கு நிறைவான வடிவம் தந்தவர் இராபர்ட் ஆடம் என்னும் கலைஞர். அதன் பெருங்கூடத்தில் அலபாஸ்டர் என்னும் மென்கல்லாலான 20 தூண்கள் அணிவகுக்கின்றன. ஒளியோ கூரையினின்று இறங்குகிறது. தென்முகப்பு, உரோமாபுரியின் கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவை நினைவூட்டுகிறது.

இவ்வெழிலுக்கு ஒரு விலையும் உண்டு. மாளிகையைச் சூழப் பூங்கா வேண்டுமென்பதற்காக அங்கிருந்த சிற்றூரே வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டது, சாலையும் திருப்பப்பட்டது. பழைய ஊரின் சான்றாக எஞ்சியது தேவாலயம் ஒன்றே.

இம்மாளிகைக்கும் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு. வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் 1803-இல் கட்டி முடித்த அரசு மாளிகை இதன் அமைப்பைத் தழுவியதே. கெடில்ஸ்டனுக்குத் திட்டமிட்ட நான்கு சிறகுகளில் இரண்டே எழுந்தன. கல்கத்தாவிலோ நான்கும் எழுந்தன. கெடில்ஸ்டனில் பிறந்த கர்சன் பிரபு, 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்தபோது, தம் பிறந்த வீட்டின் சாயலிலேயே வாழ்ந்தார்.

பிறரை அகற்றி எழுந்த அழகை நாம் வியத்தல் முறையாகுமா? கலை வேறு, அறம் வேறு என்பார் சிலர். அங்ஙனமாயின், ஊரிழந்தவர் துயரம் கணக்கில் வாராது போகும். வெறுத்தொதுக்குக என்பார் வேறு சிலர். அங்ஙனமாயின், அத்தூண்களைச் செதுக்கிய உளியின் திறமும் உடன் இகழப்படும். அவ்வுளியைப் பிடித்தவன் உரிமையாளன் அல்லனே!

பிறந்த மண்ணைப் பிரிந்து வந்த நமக்கு இவ்வினா அயலானதன்று. நாமேனும் பிழைப்பு நாடி விரும்பிப் பெயர்ந்தோம். அவ்வூரார் பிறர் விருப்பத்தால் பெயர்ந்தனர். ஆனால் நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளை எண்ணிப் பார்ப்போம். அவற்றைக் கட்டியவர்கள் அங்கேயே தகரக் கொட்டகையில் வாழ்ந்தார்கள். சுவருக்கு வண்ணம் பூசியதும் கொட்டகை பிரிக்கப்பட்டது. அவர்கள் வேறிடம் சென்றார்கள். எங்கே என்று நாம் கேட்டதில்லை. கெடில்ஸ்டன் பிரபுவைக் குறைகூற நமக்கு எவ்வளவு தகுதி உண்டு?

எனவே வியப்பைத் துறக்க வேண்டுவதில்லை. வினாவைத் துறத்தலே பிழை. கட்டியவர் யார் என்று கேட்பது போலவே, விலகியவர் யார் என்றும் கேட்போம். அக்கேள்வியோடு காண்பவர்க்கே ஒரு மாளிகை முழுமையாகக் காட்சி தரும்.