முதல் மாதம் மீன் வாங்காதீர்கள்

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் மாதம் மீன் வாங்காதீர்கள். கேட்டவுடன் முகம் சுருங்கிவிடும். தொட்டி, பில்டர், விளக்கு, உப்பு என்று ஏற்கெனவே நிறைய செலவாகியிருக்கும். சென்னை கொளத்தூர்க் கடையில் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாகக் கோமாளி மீன் நீந்துவதைப் பார்த்துத்தான் ஆசையே பிறந்திருக்கும். அந்த மீனை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வாங்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் முக்கியமான வேலை அந்த வெறும் தண்ணீரில்தான் நடக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒருவகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டை, அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். கல்லிலும் மணலிலும் பில்டரிலும் இவை பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், சாதாரண நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அம்மோனியாவின் நஞ்சும் அதிகம். தினம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு, அது அழுகி, சோதனைக் குப்பியில் அம்மோனியா ஏறி இறங்கி, பிறகு நைட்ரைட் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும்.

"வெறும் தண்ணியில என்னடா இருக்குன்னு இப்படிப் பாத்துக்கிட்டே இருக்க?" என்று என் அம்மா கேட்டார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்க்கூட்டம் உள்ளே பெருகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார். வீட்டில் தயிர் உறைய வைப்பவருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மீனை விட்ட பிறகுதான் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. ஓர் உயிரை அதன் இடத்திலிருந்து எடுத்து நம் கூடத்தில் வைத்துக்கொண்டால், அதற்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்? நாயோ பூனையோ என்றால் பசித்தால் கத்தும், வலித்தால் முனகும். மீன் எதையும் சொல்லாது. அதன் தேவை என்ன என்பதை நாம்தான் தண்ணீரைச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

கடல்மீனின் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது புரியும். அதன் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதன் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. குடித்த உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. உயிரோடு இருக்கும்வரை இந்த உழைப்புக்கு ஓய்வில்லை. தொட்டி நீரில் உப்பு அளவு தாறுமாறாக ஏறி இறங்கினால் அந்த உழைப்பின் பாரம் கூடும்.

சென்னைக் கோடையில் உப்பு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். நீரின் வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. மே மாதத்தில் சும்மா விட்டாலே 31, 32 என்று போய்விடும். சில்லர் வாங்க வசதி இல்லாதவர்கள் நீர்மட்டத்தின் மேல் சிறு விசிறி வைப்பார்கள். ஆவியாதல் கூடும், இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே இருக்கும். 200 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் வற்றினால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 37-ஐ நெருங்கிவிடும். இந்தக் குறையை உப்புநீர் கொண்டு நிரப்பக்கூடாது, உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்து, தினமும் அந்தக் கோடு வரை நிரப்புவது எளிய வழி.

உப்புநீரை வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை நீர் மாற்றும்போது பயன்படுத்த வேண்டும். மொத்தத்தில் பத்து முதல் இருபது சதவீதம் மாற்றினால் போதும். கல்லுப்பைக் கரைத்தால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கடலில் உள்ள விகிதத்தில் கலந்த மரைன் உப்புதான் வேண்டும். அதை முந்தின நாளே ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, பம்ப் ஓட்டிக் கரையவிட்டு, அடர்த்தி 1.025-க்கு வந்ததை அளந்து பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். மெரினாவில் ஒரு குடம் மொண்டு வரலாமே என்பார்கள். கூவமும் அடையாறும் கலக்கிற கரை நீரை நான் என் தொட்டியில் ஊற்ற மாட்டேன்.

இவை எதுவுமே வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாத வேலைகள். அவர்கள் பார்க்க விரும்புவது தீனி போடுவதை. மீன்கள் ஓடி வந்து கவ்வும்போது குழந்தைகள் கைதட்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்கும். அங்கேதான் கையை மடக்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் போட்டதெல்லாம் அடியில் போய் அழுகும். கடலில் அது கரைந்து காணாமல் போகும். 200 லிட்டருக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. நம் வளர்ப்பில் ஊட்டுவதற்குத்தான் பெருமை அதிகம். ஊட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரைக் கல்நெஞ்சம் என்போம். தொட்டியைப் பார்த்துக்கொண்ட பிறகு எனக்கு அந்த எண்ணம் மாறிவிட்டது. என் கை காட்டும் அன்பு யாருக்காக, அந்த மீனுக்காகவா, அன்பு காட்டினோம் என்ற நிறைவுக்காகவா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன். புது மீன் வாங்கினால் தனித்தொட்டியில் நான்கு வாரம் வைத்துவிட்டுத்தான் பெரிய தொட்டியில் சேர்க்க வேண்டும் என்பதும் இப்படி ஆசையை அடக்குகிற அதே கணக்குதான். வெள்ளைப்புள்ளி நோய் ஒரு மீனோடு உள்ளே வந்துவிட்டால் மற்ற எல்லா மீனுக்கும் அதுதான் ஆபத்து.

மின்வெட்டு நம் ஊரின் தனிக் கவலை. கடல்நீரில், நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஆக்ஸிஜன் கரையும். வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். பம்ப் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும். அதுவும் இல்லாத வேளையில் ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றலாம். இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1846-இல் ஆனா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். மின்சாரம் இல்லாத காலம். திறந்த ஜன்னலருகே நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றைக் கலந்தார்கள். அந்த வேலையில் பெரும்பங்கு அவர் வீட்டுப் பணிப்பெண்ணுடையது. பின்னாளில் கடற்பாசியைச் சேர்த்து அந்தப் பாரத்தைக் குறைத்தார்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாடெங்கும் மோகம் பற்றிக்கொண்டது. ஜாடியோடு கரைக்குப் போனவர்கள் டெவன் கடற்கரையின் பாறைக் குட்டைகளைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். தந்தையின் புத்தகமே இதற்கு வழிசெய்தது என்பதை மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வருத்தத்தோடு எழுதினார். கடலை நேசித்தவர்களே கடலின் ஓரத்தை வெறுமையாக்கிய அந்தக் கதையை, தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் அது முடிந்துபோன கதை இல்லை. 1960-களில் பிலிப்பைன்ஸில் பவளப்பாறை இடுக்குகளில் சயனைடு பீய்ச்சி, மயங்கிய மீனைப் பிடிக்கும் முறை தொடங்கியது. அதில் மீனின் ஈரலும் கெடும், பாறையும் சாகும். நம் மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளத்தையும் கடல் குதிரையையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அங்கே 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஏற்கெனவே துன்பத்தில் இருக்கும் இடத்திலிருந்து நம் கூடத்து அழகுக்காக ஒரு துண்டு உடைத்து வருவதை எந்த ரசனையாலும் நியாயப்படுத்த முடியாது.

நல்ல வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பிறந்தவை தொட்டிக்கும் உலர் தீனிக்கும் பழகியவை; கடலில் இம்மீன் ஒண்டி வாழும் கடல் சாமந்தி இல்லாமலே நலமாக வாழும். இரண்டு சிறு மீனைச் சேர்த்து விட்டால், வலுத்தது பெண்ணாக மாறும், மற்றது ஆணாக நிற்கும். பிறக்கும்போது எதுவுமே பெண் இல்லை. நீல டாங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும், நெடுந்தூரம் நீந்தும். வீட்டுத் தொட்டி அதற்கு ஆகாது. மாண்டரின் மீன் உயிருள்ள நுண்ணிறால்களைத் தேடித் தின்பது. புதுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினி கிடந்தே சாகும். இரண்டையும் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் விட்டுவிடுங்கள்.

கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். வாங்குவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். வேலை மாற்றம் வந்தால், ஊர் மாறினால், ஆர்வம் தணிந்தால் யார் அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றுவது? பதில் கிடைத்த பிறகு கடைக்குப் போங்கள். விலையைக் கேட்பதற்கு முன் இந்த மீன் எங்கே பிறந்தது என்று கேளுங்கள். பொரிப்பகம் என்று தெளிவாகச் சொல்லத் தெரியாத கடையில் எதையும் வாங்காதீர்கள்.