புத்தாண்டும் தேசவிரதமும்

புத்தாண்டு பிறக்குமுன் செல்லவேண்டிய தலங்களைப் பட்டியலிடுகிறோம். அதில் சம்மேதசிகரமே முதலிடம் பெறும். இருபது தீர்த்தங்கரர் முக்தியெய்திய அம்மலையை நாடாத சமண உள்ளம் உண்டோ? ஆயினும் ஏறி, வலம்வந்து, இறங்க 27 கிலோமீட்டர். எழுபதைக் கடந்த நாம் டோலியில் சென்றால், புண்ணியம் நமக்கு, பாரம் பிறர் தோளுக்கு என்றாகாதோ?

தலத்தின்மேல் கொண்ட ஆசைக்கும் அளவு வேண்டும். இல்லறத்தார்க்குரிய தேசவிரதம், குறித்த காலத்திற்குக் குறித்த எல்லைக்குள் நம்மை நிறுத்துவது. ஆகவே இவ்வாண்டு வந்தவாசி வட்டாரமே நம் எல்லையாகட்டும். குந்தகுந்தர் தவமிருந்த பொன்னூர்மலையை, நின்று நின்றேனும் நம் காலாலேயே ஏறுவோம். சிகரயாத்திரைக்கென ஒதுக்கிய பொருளை, அங்கு முதன்முறை செல்லும் இளையோர்க்கு அளிப்போம். சிகரத்தை இங்கிருந்தே வடதிசை நோக்கி வணங்குவோம்.