நீறு பூத்த நெருப்பு



விபூதிப் புதன்கிழமையன்று நம் கோவிலில் நிற்க இடமில்லை. நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள வாசற்படி வரைக்கும் வரிசை நின்றது. முதல் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கும் குறைவில்லை. இரண்டாம் வெள்ளி பாதிக் கோவில். வருகிற வெள்ளி மூன்றாவது. எத்தனை பேர் வருவீர்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுவேன். பல வருஷத்து அனுபவம். உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. குருவானவருக்கும் மூன்றாம் வெள்ளி உண்டு. பீடத்தின்முன் நின்று வாய் செபத்தைச் சொல்ல, மனமோ கோவில் கூரை ஒழுகுவதை எண்ணிக்கொண்டிருந்த காலை வேளைகள் எனக்கும் உண்டு.

சென்ற வாரம் ஒரு தாயார் வந்து கேட்டார்: “சுவாமி, கலியாணமான புதிதில் செபமாலை சொன்னால் கண்ணில் நீர் வரும். இப்போது பத்து மணி சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவிதான் வருகிறது. பிள்ளைகளோ கைபேசியை வைத்துவிட்டு வரமாட்டோம் என்கிறார்கள். மனசில்லாமல் சொல்லுகிற செபம் ஆண்டவருக்கு எதற்கு? பாசாங்குதானே? விட்டுவிடலாமென்று பார்க்கிறேன்.”

கபடமில்லாத கேள்வி. அன்று பூசைக்கு நேரமாகிவிட்டபடியால் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அதுவும் ஒரு மூன்றாம் வெள்ளிக்கிழமையைப் பற்றியது.

நமது முத்துக்குளித்துறையில் கைமணி அடித்து, தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மந்திரங்களைக் கற்பித்தாரே அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார், அவரேதான் 1549-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, தேவமாதாவின் மோட்ச ஆரோபணத் திருநாளன்று, ஜப்பான் தேசத்தில் கால் வைத்தார். அவர் விதைத்தது அங்கே வேகமாக வளர்ந்தது. வேதகலாபனையும் வேகமாகவே வந்தது. 1597-ல் நாகசாகி நகரில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையுண்டு வேதசாட்சிகளானார்கள். 1614-ல் தேசமெங்கும் சத்தியவேதம் தடைசெய்யப்பட்டது. 1644-ல் எஞ்சியிருந்த கடைசிக் குருவானவரும் கொல்லப்பட்டார். அதன்பின் கோவில் இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, திவ்விய நற்கருணை இல்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷமல்ல. இருநூறு வருஷத்துக்கு மேல்.

நாகசாகிக்கு அருகே உராகாமி என்றொரு கிராமம். அங்கிருந்த குடியானவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரசங்கமில்லை, திருவிழா இல்லை, தேரில்லை, வாணவேடிக்கை இல்லை. உற்சாகமூட்ட ஒன்றுமே இல்லை. அவர்கள் மூன்று விதமான ஆட்களை மட்டும் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஒருவர் நாள் கணக்கு வைத்திருப்பவர். இன்னொருவர் பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பவர். மற்றவர் வீடு வீடாய்ப் போய், இன்ன நாள் திருநாள், இன்ன நாள் ஒருசந்தி என்று காதோடு சொல்லிவருபவர். இவ்வளவுதான் அவர்களுடைய திருச்சபை. தகப்பன் இறந்தால் மகன், அவன் இறந்தால் பேரன் என்று இந்த வேலை நடந்தது. இதில் நாள் கணக்கு வைப்பதுதான் கடினம். அவர்கள் நாட்டுப் பஞ்சாங்கம் சந்திரனைக் கொண்டது. பாஸ்குத் திருநாளோ வருஷத்துக்கு வருஷம் மாறுவது. ஒவ்வொரு வருஷமும் புதிதாய் எண்ணிக் கணக்கிட வேண்டும். பக்திப் பரவசத்தோடு செய்யக்கூடிய வேலையா அது? விளக்கடியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுகிற வேலை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வருஷந்தோறும் அதிகாரிகள் ஜனங்களைக் கூட்டி, சேசுநாதர் அல்லது தேவமாதாவின் உருவம் பதித்த தகட்டைத் தரையில் வைத்து, காலால் மிதிக்கச் சொல்வார்கள். மிதிக்க மறுத்தவனுக்கு என்ன கதி என்பது எல்லாருக்கும் தெரியும். மிதித்தார்கள். ஆம், மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீடு திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவில்லாத காரணத்தால் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி அழுதார்கள். மறு வருஷமும் இதே கதை. வேதசாட்சிகளை நாம் பீடத்தில் வைத்து வணங்குகிறோம், அது தகும். ஆனால் விசுவாசத்தை ஏழு தலைமுறைக்குச் சுமந்து கொண்டுவந்தவர்கள், நம்மைப்போலவே காலும் மனசும் நடுங்கிய இந்தச் சாதாரண சனங்கள்தான் என்பதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

நம் பாட்டிமார் இரவில் அடுப்பை அணைக்கமாட்டார்கள். கங்கின்மேல் சாம்பலை மூடி வைப்பார்கள். பார்த்தால் அணைந்ததுபோலிருக்கும். காலையில் சாம்பலை விலக்கி, ஒரு சிறாயை வைத்து ஊதினால் பற்றிக்கொள்ளும்.

1865-ம் ஆண்டு பெப்ருவரி மாதம் பிரெஞ்சுக் குருக்கள் நாகசாகியில், வெளிநாட்டார் குடியிருந்த பகுதியில், அந்த இருபத்தாறு வேதசாட்சிகளின் பேரால் ஒரு கோவிலை அபிஷேகம் செய்தார்கள். நமது புதுச்சேரி மிஷனில் உழைத்த அதே பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர்கள். மார்ச் 17-ந் தேதி வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பெத்திழான் சுவாமியார் கோவில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நிற்பதைக் கண்டு, அவர்களை உள்ளே விட்டு, தாம் போய்ப் பீடத்தின்முன் முழங்காலிட்டார். நடுத்தர வயதுள்ள ஒரு ஸ்திரீ அவர் பக்கத்தில் வந்து, மார்பில் கை வைத்து, தங்கள் இருதயமும் அவர் இருதயமும் ஒன்றுதான் என்று மெதுவாய்ச் சொன்னாள். பிறகு, மரியம்மாளின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். குழந்தையேந்திய தேவமாதாவின் முன்னால் அவர்களைக் கூட்டிச் சென்றார். அங்கே பேசிக்கொண்டிருக்கையில், தாங்கள் துக்க காலத்தை அனுசரித்து வருவதாகவும், இது அதன் பதினேழாம் நாள் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

அந்த வருஷம் விபூதிப் புதன் மார்ச் 1-ந் தேதி. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். குருவில்லாமல் இருநூறு வருஷம் கழிந்தும் கணக்கில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை!

ஆகையால், தாயே, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கண்ணீர் வருவது ஆண்டவர் கொடுக்கிற கொடை. அவர் கொடுப்பார், எடுத்துக்கொள்வார். அது இல்லாதபோது சொல்லுகிற செபம் பாசாங்கு அல்ல. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு நடுச்சாமத்தில் எழுந்து கஞ்சி வைக்கிற தாய்க்கு அந்நேரம் ஆசையா வருகிறது? தூக்கந்தான் வருகிறது. ஆனாலும் எழுந்திருக்கிறாள். அதைப் பாசாங்கென்று யார் சொல்வார்?

வெறும் வழக்கம் மட்டும் போதுமா என்றால், அதிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்கமாட்டேன். ஜப்பானில் அந்த மந்திரங்களின் லத்தீன், போர்த்துகீசிய வார்த்தைகள் வாய்க்கு வாய் மாறித் தேய்ந்து, சில இடங்களில் பொருளே விளங்காமற் போயின. பிற்காலத்தில் குருக்கள் வந்தபோது, ‘எங்கள் முன்னோர் வழக்கமே எங்களுக்குப் போதும்’ என்று திருச்சபையோடு சேராமல் நின்றுவிட்ட கிராமங்களும் உண்டு. எனவே பிள்ளைகளுக்கு மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கையில் அர்த்தத்தையும் சொல்லிக்கொடுங்கள். ‘பிரியதத்தம்’ என்றால் என்னவென்று உங்கள் பத்து வயதுப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களையே கேட்டுப் பார்க்கலாம்.

உராகாமியில் சாம்பல் விலகிய பின் நடந்தது என்ன? இனி எங்கள் மரித்தோரைப் பிறமதச் சடங்கோடு அடக்கமாட்டோம் என்று 1867-ல் அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். கிராமம் முழுவதையும், ஏறக்குறைய 3,400 பேரை, பல மாகாணங்களுக்கு நாடுகடத்தினார்கள். குளிரிலும் பசியிலும் சித்திரவதையிலும் 600-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாளமுடியாமல் மறுதலித்தவர்களும் உண்டு. 1873-ல் தடை நீங்கியபின் மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். படத்தை மிதித்தவர்களின் பிள்ளைகள் இவர்கள்!

உங்கள் வீட்டில் நாள் கணக்கு வைத்திருப்பவர் யார்? மாலையில் டெலிவிஷனை நிறுத்தி, “வாருங்கள், செபம் சொல்லலாம்” என்று கூப்பிடுகிறவர் யார்? தகப்பனாரா, பாட்டியம்மாவா? ஒருவருமில்லையென்றால் இந்தத் தபசு காலத்தில் ஒருவரை நியமியுங்கள். சிறு பிள்ளையானாலும் சரி. சிறு பிள்ளைகள் ஞாபகமாய்க் கூப்பிடுவார்கள். ஐம்பத்துமூன்று மணி முடியாவிட்டால் பத்து மணி சொல்லுங்கள். ஆனால் நாளை விடாதீர்கள்.

வருகிற வெள்ளி மாலை 6-30 மணிக்குச் சிலுவைப்பாதை. அந்தத் தாயார் இதை வாசித்தால் கொட்டாவியோடேயே வரலாம். நானும் அப்படித்தான் பீடத்தடியில் நிற்பேன்.

இங்ஙனம்,
உங்கள் பங்குச் சுவாமியார்