காவலனா, கள்வனா?

குருதிப் புற்றுநோய்க்கு உறவினர் ஒருவரைப் பறிகொடுத்த நாள்முதல் குற்றவாளி யாரெனத் தேடி வந்தோம். சிக்கியது ‘நாட்ச்’ என்னும் மரபணு. அது பழுதுற்றால் பழ ஈயின் சிறகோரத்தில் வெட்டு விழும். அதனால் வந்த பெயர். கருவில் எந்த உயிரணு எதுவாக வளரவேண்டும் என வகுத்துத் தரும் மரபணுக்களுள் ஒன்று அது. அதுவே நெறி பிறழ்ந்து மிகையாக இயங்கினால், டி வகை வெள்ளணுக்களில் புற்றை மூட்டும் என 1991இல் அறிந்தனர்.

அடக்கிவிட்டால் என்ன? தோலிலோ அதுவே காவலன்! மறதிநோய்க்கென ஆய்ந்த செமகாசெஸ்டாட் என்னும் மருந்து நாட்சையும் அடக்கிற்று. உட்கொண்டோரிடையே தோற்புற்று மிகுந்தது. அறிவாற்றலும் மேலும் குன்றிற்று. 2010இல் ஆய்வை நிறுத்தினர். அவ்வாறாயின் தீமை பொருளின் இயல்பா, அது நிற்கும் இடத்தின் விளைவா?

குற்றவாளியின் பெயரெழுதிக் கோப்பை முடிப்பது நம் அலுவலகப் பழக்கம். இக்கோப்பு மட்டும் இன்னும் மேசைமேல் கிடக்கிறது.